ஒன்று மீதி

போன சாரல் சீசனா, அதற்கு முந்தையதா, நினைவு நிச்சயமில்லை. தென்காசிக் கல்லூரியில் அட்வான்ஸ்டு ஜாவா பாடத்துக்காக ஹம்னா எழுதிய புரோகிராம் குற்றால அருவியில் குளிக்கும் பெண்களை எண்ணியது. உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் அதில் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது ஒரு பதிவு. வெளியே வந்ததும் அது அழியும். ஆளுக்கு ஒரு தட்டாக நுழைவில் ஹம்னா போனைத் தட்டினாள், வெளியேறும் வழியில் தோழி பொன்செல்வி.

வெள்ளம் வந்து போலீஸ் எல்லோரையும் வெளியேற்றிய பிறகும் திரையில் ‘1’ நின்றது.

“அருவியில ஆளே இல்ல. பூஜ்ஜியம் வரலன்னா மார்க் கிடையாது,” என்றார் டெமோ பார்க்க வந்த மேடம்.

“புரோகிராம் சரிதான் மேடம். நாளைக்கும் பாருங்க.”

மறுநாள் காலையிலும் வெள்ளம் வடியவில்லை. கயிறு கட்டி மூடிய அருவியிலிருந்து ஒரு பெண் ஈரத்தலையோடு இறங்கி வந்தாள். பொன்செல்வி தட்டினாள். பூஜ்ஜியம்.

“நான் சொன்னேம்லா ஏட்டி,” என்றாள் ஹம்னா.

ஹம்னாவுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பொன்செல்வி வேலைக்குச் சென்னை போனாள். அந்தப் பெண் சேலையைப் பிழிந்துவிட்டு, செங்கோட்டை பஸ் ஏறினாள்.