மூன்றாம் மாடியில் ஆபத்து

"நடுராத்திரி வரைக்கும் ஒரு பொண்ணு தனியா இருக்கிற வீட்டுல லைட் எதுக்கும்மா எரியணும்?" என்று கேட்டார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"வேலை இருந்துச்சு சார்" என்றாள் மூன்றாம் மாடிப் பெண். பாதி திறந்த கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கண்ணில் தூக்கம் இன்னும் மிச்சமிருந்தது.

"என்ன வேலை?"

"கம்ப்யூட்டர்ல. வீட்டிலிருந்தே செய்றேன்."

செயலாளர் பக்கத்தில் நின்ற பல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். இருவருக்கும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. அதற்குக் கூட்டம் போட்டால் எட்டிப் பார்க்க ஆளில்லை. இந்தப் பெண்ணைப் பற்றிக் கூட்டம் என்றதும் உட்கார நாற்காலி போதவில்லை.

"யாரோ ஆம்பள வந்து போறானாமே?" என்றார் டாக்டர்.

"தண்ணி கேன் போடுறவர் சார். உங்க வீட்டுக்கும் அவர்தான் போடுறார்."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது கிடக்கட்டும். என் பையன் படி இறங்கறப்போ உங்க கதவையே பாத்துக்கிட்டு இறங்குறான்."

"கதவு சாத்தித்தானே சார் இருக்கு?"

"அதான் ஆபத்தே! உள்ள என்ன நடக்குதோன்னு யோசிக்கிறான் இல்ல?"

அவள் தன் கதவை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டாள்.

செயலாளர் கைபேசியை எடுத்தார். 'மீசைக் காவலன்' என்ற முகநூல் பக்கத்தைத் திறந்தார். முறுக்கு மீசையோடு கைகட்டி நிற்கும் ஒருவரின் படம். கீழே, 'கலாசாரச் சீரழிவைக் கண்டால் உடனே அழைக்கவும்' என்று ஒரு எண். காலையில் பல் துலக்குகிறாரோ இல்லையோ, செயலாளர் மீசைக் காவலனைப் படித்துவிடுவார். இந்தப் போராட்டமே மீசைக் காவலன் மூட்டிய நெருப்புதான். நேற்று வரை இந்தப் பெண்ணைப் பார்த்தால் 'சாப்டியாம்மா?' என்று விசாரித்த மனிதர்தான் செயலாளர்.

"ஐயா என்ன எழுதியிருக்கார் கேளு. 'தனியாக வாழும் பெண் தனியாகவா வாழ்கிறாள்? அவளோடு ஓர் ஆபத்தும் குடியிருக்கிறது! தாய்மார்களே, விழித்துக்கொள்ளுங்கள்!'" மூச்சு முட்டி நிறுத்தினார்.

"'இன்று பக்கத்து வீடு, நாளை உங்கள் வீடு!' அதை விட்டுட்டீங்க சார்" என்றாள் அவள்.

செயலாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மனப்பாடமா வெச்சிருக்கியே! இதையெல்லாம் படிச்சுமாம்மா இப்படி இருக்கே?"

"என்ன சார் பண்றது, பழகிப்போச்சு." குரல் சட்டென்று இறங்கியது. "சார், நாய் படாத பாடுபட்டு இந்த வீட்டைப் பிடிச்சேன். தனி ஆளுன்னா யாரும் வீடு தர்றதில்ல. வாடகையில ஒரு குறை வெச்சதில்ல, சத்தமா ஒரு பாட்டுகூட கேட்டதில்ல. என்னை இங்கயே இருக்க விடுங்க சார்."

செயலாளரின் மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. கையிலிருந்த மீசையைப் பார்த்தார். இறுகிவிட்டது.

"உன்மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்லம்மா. ஆனா கலாசாரம்னு ஒண்ணு இருக்குல்ல? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. உன் ஹவுஸ் ஓனர்கிட்டயும் பேசியாச்சு."

மாசக் கடைசியில், வாசலில் ஒரு குட்டி வண்டி வந்து நின்றது. கட்டில், மேஜை, புத்தகப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் படி வழியே இறங்கின. செயலாளர் முதல் மாடி பால்கனியில் காபியோடு நின்று, போரில் ஜெயித்த ராஜா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவங்க. இன்னும் வீடு கிடைக்கலையாம். சாமானை ஏதோ கோடவுன்ல போட்டுட்டு சினேகிதி வீட்டுல ஒண்டிக்கப் போறாளாம்" என்றாள் மனைவி.

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"நம்ம பொண்ணும் வெளியூர்ல தனியாத்தானே இருக்கா?"

"அவ நம்ம பொண்ணுடீ. அது வேற!"

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குடித்து முடிக்காத காபி டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செயலாளர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. இவ்வளவு பெரிய வெற்றியை உரியவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? மீசைக் காவலனின் எண்ணை அழுத்தினார். ஐயாவோடு முதல்முறையாகப் பேசப்போகிறோம் என்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஐயா, வணக்கம்! நான் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பேசறேன். உங்க பதிவைப் படிச்சுட்டு, எங்க பில்டிங்ல தனியா இருந்த ஒரு பொண்ணைக் காலி பண்ண வெச்சுட்டோம் ஐயா! எல்லாம் உங்க எழுத்தோட மகிமை!"

"தெரியும் சார்" என்றது களைத்த ஒரு பெண் குரல். "ஐயான்னு யாரும் இல்ல. மீசை படத்துல மட்டும்தான், ராத்திரி உக்காந்து காசுக்கு எழுதுறது நான்."

கீழே வண்டியோரம் போனைக் காதில் வைத்தபடி நின்ற மூன்றாம் மாடிப் பெண், நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தாள்.

"உங்க சங்கத்தைப் பாராட்டி ஒரு பதிவு போட்டுடறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க. முதல்ல ஒரு வீடு பாக்கணும் சார். போற எடத்துல எல்லாம் நான் எழுதினதையே எனக்குப் படிச்சுக் காட்டுறாங்க."