சோகம் போதாத முகம்

"சோகம் போதாது" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார் சிலைக் கமிட்டித் தலைவர். துறைமுக வாசலில் வைக்கப்போகும் 'புலம்பெயர்ந்தவன்' சிலைக்காக, சிற்பி தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக் களிமண் மாதிரி செய்திருந்தார். அவர் நிஜமாகவே புலம்பெயர்ந்தவர்தான். என்ன செய்வது, தலைவருக்கு அந்த முகத்தில் துயரம் தட்டுப்படவில்லை.

இன்று மூன்றாவது மாதிரி. இதுவும் தேறாவிட்டால் சிலை வேறொருவர் கைக்குப் போய்விடும். சிற்பி பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியாராகவே காலத்தை ஓட்ட வேண்டியதுதான். மனைவியும் துணைக்கு வந்திருந்தாள்.

ஈரத்துணியை விலக்கினார் சிற்பி. முக்காடும் தாடியுமாக ஒரு முகம். தலைவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"இதுதான் வாத்தியாரே முகம்! எல்லாத்தையும் இழந்துட்டு வந்தவனுக்குத்தான் இப்படி இருக்கும். என்னை மாதிரி சொகுசா வாழுறவனுக்கு வருமா?"

அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மனைவிக்கு உயிர் வந்தது. "யாருங்க இது? நம்மகூட வந்தவங்கள்ல இப்படி யாரும் இல்லையே?"

"போன கமிட்டிக் கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் மகனுக்கு போன் போட்டாரு. அவன் கட் பண்ணிட்டான். மறுபடி போட்டாரு, மறுபடியும் கட். கூட்டம்னா என் கை மேசைக்கு அடியில களிமண்ணைப் பிசைஞ்சுக்கிட்டேதானே இருக்கும்?"

"ஐயோ பாவம். யாரு அவரு?"

"இப்பக் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போனாரே, அவருதான். தாடியும் முக்காடும் மட்டும்தான் என் கைவேலை."