மண்ணுக்கடி எண்ணெய்

அனுமதியில்லாத எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றுக்காவது இந்த வாரம் சீல் வைக்காவிட்டால், ஓசூருக்குத் தூக்கியடித்துவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். ஆய்வாளர் பாலகணேஷிடம் கோவில்பட்டியில் அகப்பட்டது ஸ்டெல்லாமேரியின் ஷெட். மூக்கடைப்போடு வாசலிலேயே நாற்காலி போட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“மூலப்பொருள் எங்கேயிருந்தும்மா வருது?”

“எட்டயபுரம் பக்கம் சார். மண்ணுக்கடியில இருந்துதான் எடுக்காவ.”

பாலகணேஷ் ‘மண்ணுக்கடியில்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். கரிசல் காட்டில் எண்ணெய் வளமா? இடமாற்றம் என்ன, பதவி உயர்வே வீடு தேடி வருமே.

“தோண்டுறதுக்கு யார் அனுமதி கொடுத்தா?”

“மழை பேஞ்சா போதும் சார். வேற யார்ட்ட கேக்கணும்?”

“எப்படிச் சுத்திகரிக்கிறீங்க?”

“வெயில்ல வச்சா கசடு அடியில தங்கிரும். தெளிஞ்சத இறுத்துருவோம்.”

“லிட்டர் என்ன விலை?”

“இருநூத்தி நாப்பது.”

“பெட்ரோலே நூத்திச் சொச்சம்தான். இதை யாரும்மா வாங்குறா?”

“முறுக்கு சுடுத கடைக்காரவியதான். நிலக்கடலை விக்கித விலைக்கு, இதுக்கும் கொறச்சா கட்டாது சார்.”

பாலகணேஷ் எழுந்து ஓரமாகப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

“சார், இது கடலை எண்ணெய்.”

“உத்தரவுல பெட்ரோல்னு இருக்கா?”

“இல்ல சார். எண்ணெய்னுதான் இருக்கு.”

“அப்புறம் என்ன? சீல் வைங்க.”

ஷெட்டைப் பூட்டிச் சாவியை நீட்டிய ஸ்டெல்லாமேரி, அவருடைய நெற்றியை உற்றுப் பார்த்தாள்.

“தலையில தேங்காயெண்ணெய் வழியுதே சார், அதுக்கு எங்கன சீல் வைப்பீய?”