கழற்றினால் உறையும்

“யோவ் ரஸ்ஸல், அவ வந்ததுலேர்ந்துதான்யா இந்தச் சனியன் புடிச்சிருக்கு!” என்றான் கூட வேலை செய்யும் ஸ்டூவர்ட், சாசேஜ் ரோலை மென்றபடி.

ரஸ்ஸலுக்கும் அதே சந்தேகம்தான். ஆக்லாந்தில் அவர் நடத்தும் குழுவின் வேலை, டிஸ்க் பெட்டிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுவது. ஆறு வருஷமாக ஒரு புகார் கிடையாது. இப்போது, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த டிரைவரைக் கழற்றினால் கணினியே உறைந்துபோகிறது. மவுஸ் அசையாது, கீபோர்டு கேட்காது. பவரை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும்.

ஸ்டூவர்ட் சொன்ன அந்த மெலே குழுவில் சேர்ந்து மூன்று மாசம் ஆகப்போகிறது. தொண்ணூறு நாள் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமை முடிகிறது. வேலையை நம்பி வீடு பிடித்து, டோங்காவிலிருந்து அம்மாவையும் கூட்டி வந்துவிட்டாள்.

“இன்னொண்ணு கவனிச்சியா? மெஷின் உறைஞ்ச உடனே ஸ்க்ரீனைப் போன்ல போட்டோ புடிக்கிறா. யாருக்கு அனுப்புறாளோ!” என்றான் ஸ்டூவர்ட்.

அதற்கு மேல் ரஸ்ஸலுக்கு டீ இறங்கவில்லை. நேரே சோதனை அறைக்குப் போனார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல உட்கார்ந்திருந்தாள் மெலே.

“போனைக் குடும்மா.”

தயங்காமல் நீட்டினாள்.

நாற்பது படங்கள். அத்தனையும் உறைந்துபோன திரைகள்.

“எதுக்கு இதெல்லாம்?”

“உறைஞ்சிட்டா, என்ன நடந்துச்சுன்னு காட்டுற லாக் எதுவும் பதிவாகாதே. பதிவாக வேண்டிய டிஸ்க்கையே நம்ம டிரைவர்தானே ஓட்டுது! கடைசியாத் திரையில என்ன நிக்குதோ, அதான் சாட்சி. நாப்பதுலயும் ஒரே வரி.”

“முன்னாடியெல்லாம் உறையலையே?”

“முன்னாடி யாரும் கழட்டவே இல்ல ரஸ்ஸல். புது வெர்ஷன் போடணும்னா மெஷினையே ரீஸ்டார்ட் பண்ணிடுவாங்களாம், ஸ்டூவர்ட்தான் சொன்னாரு. நான் கழட்டிப் பாத்தேன்.”

ரஸ்ஸல் அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தார். டிரைவர் வெளியேறும்போது, தான் ஓடவிட்ட டைமரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நிறுத்தவில்லை. டிரைவர் போன பிறகும் டைமர் வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே ஆளில்லை. கணினி திகைத்து நின்றுவிடுகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பகுதியை எழுதியவர் சாட்சாத் ரஸ்ஸலேதான்.

“சரி பண்ணிட்டேன். இருநூறு தடவை கழட்டி மாட்டியாச்சு, உறையல” என்று அறிக்கையை நீட்டினாள்.

எல்லாம் நிரப்பியிருந்தாள். ‘தவறு யாருடையது’ என்ற கட்டம் மட்டும் காலி.

“இதை ஏன் விட்டுட்ட?”

“அது நீங்க எழுதினதுன்னு தெரியும். நான் உங்க பேரைப் போட்டா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்களே போட்டுக்குவீங்கன்னு விட்டு வச்சேன்.”

ரஸ்ஸல் அங்கேயே நின்று மேலிடத்துக்குப் போன் போட்டார்.

“காலையில நான் அனுப்பின அறிக்கையில ஒரு திருத்தம். தவறு யாருடையதுங்கிற இடத்துல மெலேன்னு எழுதியிருப்பேன். அதை அடிச்சிட்டு என் பேரைப் போடுங்க.”