இலவச நகல்

குற்றங்களால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் இழப்பீட்டுத் திட்டத்தை அடியோடு எளிமையாக்கிவிட்டார்கள். முன்பு பதினான்கு நகல்கள் கேட்டார்கள். இப்போது ஐந்தே ஐந்து. அந்த ஐந்தும் பாதிக்கப்பட்டவர் கைக்குக் கிடைப்பதில்லை என்பதால், மனு வாங்கும் அலுவலர் ஜேசுதாசனுக்கு வேலை ரொம்பவே எளிமையாகியிருந்தது.

சோலையம்மாளையும் மூன்று முறை திருப்பி அனுப்பியாயிற்று. இன்றும் நாரணாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து நின்றாள்.

“எப்.ஐ.ஆர். நகல் இருக்கா?”

இருந்தது. காயச் சான்று, சம்பவ இடத்தில் எழுதிய மகசர், சாட்சி வாக்குமூலம், குற்றப்பத்திரிகை எல்லாமே வரிசையாக இருந்தன. திருப்பி அனுப்ப ஜேசுதாசனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

“வக்கீல் வச்சீகளாம்மா?”

“இல்லைங்கய்யா. எங்க தெரு பாண்டிராஜ் குடுத்தான். கோர்ட்டுலயே அவனுக்கு நகல் கட்டு முழுசையும் இலவசமாக் குடுத்துட்டாகளாம்.”

“இம்புட்டு அலைஞ்சும் உங்களுக்குக் கிடைக்கல, அவருக்கு மட்டும் இலவசமாவா? யாரும்மா அவரு, பெரிய ஆளா?”

சோலையம்மாள் முந்தானையை விலக்கி, தோளிலிருந்து முழங்கை வரை ஓடிய தையல் தழும்பைக் காட்டினாள்.

“என்னைய வெட்டுனவந்தான்யா. கேஸ்ல எதிரிக்குத்தான் நகல் இலவசமாம். சாயங்காலத்துக்குள்ள கட்டைத் திருப்பிக் கேட்டிருக்கான். நாளைக்கு அவனுக்கு வாய்தா.”