வெள்ளிக்கிழமைக் குங்குமம்

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு இன்னும் ஒரே நாள். காஜா பேராங் திடலில், கார் அழகுப் போட்டிக்கு வந்து நிற்கிற தன் கறுப்புக் காரின் பானட்டைத் தூக்கி வைத்திருக்கிறார் தம்பிராஜா. மூன்று நாளாக மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷுமாகத் தேய்த்த எஞ்சின், காலை வெயிலில் கல்யாணச் சீர்ப்பாத்திரம் மாதிரி மினுங்குகிறது. துக்காங் எமாஸ் தெருக் கோயிலிலிருந்து நேரே வந்த மனைவி கமலவேணி, அவர் திரும்புவதற்குள் பேட்டரிக்குச் சந்தனம் தீற்றி, காற்றாடியின் நான்கு இறக்கைகளிலும் குங்குமத்தை அள்ளி அப்பிவிட்டாள். "ஐயோ, என்னடி இது! எஞ்சினப் பார்த்துத்தான் மார்க் போடுவாங்க!" துணியோடு பாய்கிற அவர் கையை அவள் தட்டிவிடுகிறாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா குங்குமத்த அழிப்பீங்களா?" துணி அந்தரத்தில் நிற்கிறது. தாலி கட்டின கைக்கு அழிக்க வரவில்லை. பல்லைக் கடிக்கிறார். அதற்குள் வெள்ளைச் சட்டையில் நடுவர் பொன்னையா வந்து எஞ்சின்மேல் குனிகிறார். "ஸ்டார்ட் பண்ணுங்க." தம்பிராஜா கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகுகிறார். காற்றாடி உறுமிச் சுழல்கிறது. சிவப்புப் பொடி எஞ்சின்மேலும் சட்டைமேலும் மூக்குக் கண்ணாடிமேலும் பறந்து படிகிறது. பொன்னையா கைக்குட்டையை எடுக்கிறார். "ஐயா," என்று பதறுகிறாள் கமலவேணி, "வெள்ளிக்கிழமைங்க. துடைக்காதீங்க."