சாய்ந்தது யார் பக்கம்?

“கட்டின புருஷன்னுகூடப் பார்க்கலையே இந்தம்மா! குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லியிருப்பாரு, இங்க வந்து பழி வாங்கிட்டாங்க!”

ரேடியோ சொன்னதும் கேன்டீனே சிரித்தது. ரேடியோ என்பது பட்டப்பேர். வாயை மூடத் தெரியாது அவனுக்கு.

விமான இன்ஜின் பூட்டுகிற இடத்தில் ரேடியோவும் அண்ணனும் ஜோடி. அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. மூத்த ஃபிட்டர், எல்லோருக்கும் அண்ணன். அவர் சம்சாரம்தான் அங்கே இன்ஸ்பெக்டர். கேட்டுக்கு வெளியே அண்ணி, உள்ளே மேடம்.

காலையில் மேடம் இன்ஜினுக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஒரு நாசில் சாஞ்சிருக்கு. பிரிங்க” என்று சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார்.

கிரேனில் மூடி இறங்கும்போது, சுற்றியிருக்கும், எரிபொருளைப் பீய்ச்சும் நாசில் ஒவ்வொன்றும் தன் குழியில் நேராக உட்கார வேண்டும். உட்காரும்வரை ஆடாமல் பிடிக்க அண்ணனும் ரேடியோவும் ஆளுக்குப் பாதிப் பக்கம் கிளிப் போட்டிருப்பார்கள். ஒன்று சாய்ந்தாலும் போச்சு, தீ ஒருபக்கமாகப் பாய்ந்து சுவரையே ஓட்டை போட்டுவிடும்.

மேனேஜர் ஓடிவந்தார். “யார் பிடிச்ச பக்கம் இது?”

“என் பக்கம்தான் சார்” என்றார் அண்ணன்.

“என்னய்யா நீ! இந்த வாரம் உன்னை ஃபோர்மேன் ஆக்கலாம்னு இருந்தேன். இனி எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மேல பேசுவேன்?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார், அடுத்த இன்ஜினுக்குப் போய்விட்டார்.

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. ஏற்கெனவே அவன் தலையில் ரெண்டு எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் வேலை காலி. அண்ணன் பக்கத்தில் இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கா இந்த கதி?

கை கழுவுகிற இடத்தில் மேடத்தைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணி, இது நியாயமா? கண்டும் காணாம விட்டிருந்தா அண்ணன் இன்னிக்கு ஃபோர்மேன்!”

“இங்க மேடம்.”

“சரிங்க மேடம். மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா?”

“பிளேன்ல ஏறுறவங்க என் புருஷன் முகத்தைப் பார்த்துட்டா ஏறுறாங்க?” குழாயை மூடினார் மேடம். “சோப்புப் போட்டுக் கழுவுங்க, கிரீஸ் போகலை.”

அதன்பிறகுதான் கேன்டீனில் அந்த உப்புக் கதை. “கல்நெஞ்சம்ப்பா” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி ஓய்ந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கிரேன் மூடியைத் தூக்கியது. அண்ணன் தன் பக்கம் போய் நின்றார். ரேடியோ தன் பக்கம் நின்றான்.

சாய்ந்த நாசில் அவன் மூக்குக்கு நேரே இருந்தது.

நேற்று மூடி பாதி இறங்கும்போது வேலை முடிகிற சங்கு ஊதியது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க வேண்டுமே என்று, நாசில் உட்காருவதற்குள் கிளிப்பைப் படபடவென்று உருவியது அவன்தான்.

“அண்ணே... இது என் பக்கம்.”

“தெரியும். சங்கு ஊதினப்போ உன் கை போன வேகத்தைப் பார்த்தேன்.”

“ஏண்ணே என்கிட்ட சொல்லலை?”

“உன்கிட்ட சொன்னா? நீயே ஊர் பூரா ஒலிபரப்பியிருப்பே. அதான் வீட்டுக்குப் போய் அவகிட்ட சொன்னேன், அந்தப் பக்கம் நல்லாப் பாருன்னு.”

“அப்ப பழியை நீங்க ஏன் ஏத்துக்கிட்டீங்க? ஃபோர்மேன் வேலையே போச்சேண்ணே!”

அண்ணன் புது கிளிப்பை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“நானா எங்கடா ஏத்துக்கிட்டேன்? ‘அவனுக்கு இது மூணாவது, வேலை போயிடும். உங்களுக்கு ஃபோர்மேன் பதவி போனா போகட்டும், உங்க பக்கம்னே சொல்லிடுங்க’ன்னு ஒத்தைக் கால்ல நின்னது உன் அண்ணி.”